கொக்கிக்குப் புது வேலை

கைக்கடிகாரத் தொழிற்சாலை வாசலில் ஓர் எந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பார்க்க வெறும் கதவுச் சட்டம் மாதிரி இருந்தது. ஆனால் உடம்பில் ஒரு திருகாணியை ஒளித்துக்கொண்டு அதற்குள் நுழைந்தால் கூவி ஊரைக் கூட்டிவிடும். அது கூவத் தொடங்கிய வாரமே கொக்கியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கொக்கி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தொழிற்சாலைப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் வைத்தது. வேலை முடிந்து வெளியே போகும் பெண்களைத் தடவிச் சோதிப்பதுதான் முப்பது வருடமாக அவள் பார்த்த உத்தியோகம். கொண்டைக்குள் சுருள்வில், துணி மடிப்புக்குள் பற்சக்கரம் என்று எங்கே எதைச் செருகியிருந்தாலும் அவள் விரலுக்குத் தப்பாது. வலது ஆள்காட்டி விரல் ஒருமுறை இரும்புக் கதவில் நசுங்கி, வளைந்தது வளைந்தபடியே நின்றுவிட்டது. அந்த விரலை ஆட்டித்தான் வரிசையில் நிற்பவளைக் கூப்பிடுவாள். அவள் எதிரில் வந்ததும் ஒரே ஒரு வார்த்தை சொல்வாள்.

"கை."

வந்தவள் இரண்டு கையையும் தூக்கிவிட வேண்டும். மற்றதை விரல்கள் பார்த்துக்கொள்ளும்.

அவளோடு உட்கார்ந்து டீ குடிக்க யாரும் முன்வந்ததில்லை. சாயங்காலம் உடம்பைத் தடவப்போகிறவளோடு மத்தியானம் எப்படிச் சிரித்துப் பேசுவது? அதில் கொக்கிக்கு வருத்தமில்லை. தனக்கு வைத்த பெயரும் அவள் காதுக்கு வந்திருந்தது. "கொக்கின்னா சும்மாவா? மாட்டினா விடாது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு சிரிப்பாள்.

வேலை போன பிறகு தம்பி வீட்டு மாடியறையே கதி என்றானது. தம்பி நல்லவன்.

"உழைச்சது போதும்க்கா. இனிமே சும்மா இரு," என்றான்.

"சும்மா இருக்க நான் என்ன சுவத்துல மாட்டின போட்டோவா?"

தம்பி மனைவியும் குறை வைக்கவில்லை. வேளாவேளைக்குத் தட்டு மேலே வந்தது. காலியானதும் கீழே போனது. "சாப்பிட்டீங்களா அண்ணி?" என்பதற்கு மேல் ஒரு பேச்சு இல்லை. மாடிப்படியில் தட்டு ஏறும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் கொக்கிக்குப் பைத்தியம் பிடிக்கப் பார்த்தது. நாளெல்லாம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவை யாரோ கொடுத்துவிட்டுத் திரும்பி வாங்க மறந்த சாமான்கள் போலக் கிடந்தன.

பொடி எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று ஒரு நாள் கண்ணாடிக் கடைக்குப் போனாள். கண் சோதிக்கும் பையனுக்கு முப்பது வயது இருக்கும். சட்டையைத் தேய்க்காமல் போட்டிருந்தான். ஒரு வில்லையை மாட்டி, "இது தெளிவா இருக்கா?" என்றான். இன்னொன்றை மாட்டி, "இல்ல, இது தெளிவா?" என்றான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"கடைசி வரி படிங்க."

"குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. காலை முதல் மாலை வரை."

"அது இல்லைங்க. பலகையில இருக்கறதைப் படிங்க."

"இது அதைவிடப் பொடியா இருக்கு. நல்லாத் தெரியுது. ஆள் கிடைச்சுட்டாங்களா?"

பலகைக்குப் பக்கத்துக் கதவில் அந்தக் காகிதம் ஒட்டியிருந்தது. தான் ஒட்டியதையே மறந்தவன் போல அவன் திரும்பிப் பார்த்தான். "இல்லை. குழந்தை என்னுதுதான்."

"நான் வரேன்."

"பிள்ளை வளர்த்திருக்கீங்களா?"

"இல்லை."

"பேரப்பிள்ளைங்க யாராவது…"

"கல்யாணமே ஆகல தம்பி. நேரா பேரப்பிள்ளைக்குத் தாவினா எப்படி?"

அவன் சிரிக்க நினைத்தான். உதடு வரைக்கும் வந்தது, அதோடு நின்றுவிட்டது. "முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

"வாட்ச் கம்பெனி வாசல்ல காவல்."

"அதுக்கும் இதுக்கும்…"

"ரெண்டும் ஒண்ணுதான். உள்ள இருக்கறது பத்திரமா உள்ளயே இருக்கணும்."

அவன் வில்லைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான். பிறகு, "நாளைக்கு வாங்கம்மா," என்றான்.

இதற்கு முன்னால் வேலை கேட்டு வந்த எல்லோரும் எடுத்த எடுப்பில் "குழந்தைக்கு அம்மா எங்கே?" என்று கேட்டிருந்தார்கள். "ஐயோ, எப்படிப் போனாங்க?" என்று அடுத்ததாகக் கேட்டிருந்தார்கள். கொக்கி கேட்கவில்லை. அது நாசூக்கு இல்லை, பழக்கம். தொழிற்சாலை வாசலில் யாரிடமும் வீட்டுக் கதை கேட்கக் கூடாது. அந்தப் பழக்கத்துக்காகவே அவளுக்கு வேலை கிடைத்தது.

தம்பி வீட்டில் சண்டை வந்தது.

"ஊர்ல என்ன பேசுவாங்க? அக்காவை ஆயா வேலைக்கு அனுப்பிட்டான்னு என்னைத்தான் காறித் துப்புவாங்க."

"நீயா அனுப்பற? நானா போறேன். கேட்டா அப்படியே சொல்லு."

"பெத்தவங்களுக்கே பிள்ளையைத் தூக்கி இடுப்பு ஒடிஞ்சு போகுது. உங்களால முடியுமா அண்ணி?" என்றாள் தம்பி மனைவி.

"பெறாததாலதான் என் இடுப்பு இன்னும் ஒடியாம இருக்கு."

குழந்தைக்கு ஏழு மாதம். பெண். முதல் நாளே கொக்கி அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்துவிட்டாள். தலையில் முடி கிடையாது. வாயில் பல் கிடையாது. ஒரு வேலையும் செய்வதில்லை. ஆனால் ஒரு சத்தம் கொடுத்தால் மொத்த வீடும் ஓடி வர வேண்டும்.

தொடக்கத்தில் கொக்கி திணறித்தான் போனாள். அரைத்துணியைப் பின்புறம் முன்புறமாக மாற்றிக் கட்டினாள். பால் புட்டியின் மூடியை முறுக்கி இறுக்கிவிட்டு, பால் வரவில்லையே என்று புட்டியைத் திட்டினாள். தாலாட்டு ஒன்றும் தெரியாது. தூங்க வைக்க வேண்டுமென்றால் தொழிற்சாலைப் பிரிவுகளின் பெயரை வரிசையாகச் சொல்வாள். "முள் பிரிவு, கண்ணாடிப் பிரிவு, வார் பிரிவு, பொட்டலப் பிரிவு…" பொட்டலப் பிரிவு வருவதற்குள் மேனேஜர் தூங்கிவிடும்.

கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். தினமும் காலையில் குழந்தையைப் பாயில் உட்காரவைத்து எதிரில் உட்கார்ந்துகொள்வாள். வளைந்த விரலை ஆட்டி, "கை," என்பாள். முதலில் தானே அந்தக் குட்டிக் கைகளைத் தூக்கிவிட்டாள். பிறகு மேனேஜர் தானாகவே தூக்கக் கற்றுக்கொண்டது. காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், அக்குளில், தொடை இடுக்கில், விரல் சந்தில் என்று உச்சி முதல் உள்ளங்கால் வரை தடவிச் சோதனை நடக்கும். காய்ந்த பால், சிவந்த தடிப்பு, எங்கிருந்தோ வந்து ஒட்டிய நூல், எல்லாம் பிடிபடும். மேனேஜர் கெக்கெக்கென்று சிரிக்கும்.

முப்பது வருடத்தில் அந்தக் கைக்குக் கீழே சிரித்த முதல் ஆள் அதுதான். அது முதன்முதலில் சிரித்த அன்று ராத்திரி கொக்கிக்கு மாடியறையில் தட்டு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

குழந்தையின் அப்பா காலையில் போய் மாலையில் வருவான். குழந்தையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வான், அடுத்த வீட்டுக்கு வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறவன் மாதிரி. எதைச் சொன்னாலும், "சரி."

"தம்பி, பால் மாவு தீர்ந்து போச்சு."

"சரி."

"தம்பி, சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க."

"சரி," என்று சொல்லிவிட்டு அப்படியே கடைக்குப் போய்விட்டான் ஒரு நாள்.

குழந்தையின் அம்மா இறந்துவிட்டாள். அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். குழந்தைக்குப் பெரியம்மா. பக்கத்து ஊரில் இருந்து அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போவாள். ஞாயிறு கொக்கிக்கு விடுமுறை. அதனால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஒரு வேலை நாளில், சொல்லாமல் கொள்ளாமல், பெரியம்மா வந்து நின்றாள். தோளில் பெரிய பை. உள்ளே ஒன்றும் இல்லாமல் தொங்கியது.

"நீங்கதான் பாப்பாவைப் பார்த்துக்கறீங்களா? உங்களை ஒரு தடவையாவது பார்க்கணும்னு நினைச்சுட்டே இருந்தேன்மா. பாப்பா நல்லா சதை போட்டிருக்கு. ரொம்ப நன்றிங்க."

"உட்காருங்க. தண்ணி கொண்டு வரேன்."

"நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் உள்ள துணியெல்லாம் எடுத்து வைக்கறேன்."

எதற்கு எடுத்துவைக்கிறாள் என்று கொக்கி கேட்கவில்லை. அலமாரியை ஒழுங்கு செய்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டாள். மேனேஜர் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தது. பாயில் உட்காரவைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். விரலை ஆட்டினாள்.

"கை."

மேனேஜர் கையைத் தூக்கியது. கொக்கியின் கண் தற்செயலாகப் படுக்கையறைப் பக்கம் போனது. அலமாரிக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, பெரியம்மா நின்றிருந்தாள். ஒரு கையில் குழந்தையின் குட்டிச் சட்டை. அவளுடைய இரண்டு கையும் மேலே தூக்கியிருந்தன.

கொக்கிக்கு ஆளைத் தெரியவில்லை. அந்தத் தூக்கல் தெரிந்தது. முழங்கை லேசாக மடங்கி, தோள் குறுகி, முகம் ஒரு பக்கம் திரும்பி. அப்படித் தூக்க வேறு எந்த இடத்திலும் யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

பெரியம்மா மெல்லக் கையை இறக்கினாள். திரும்பி வந்தாள். கொக்கியின் முகத்தைப் பார்க்கவில்லை. வளைந்த விரலைப் பார்த்தாள்.

"கொக்கி," என்றாள்.

முகத்துக்கு நேராக அந்தப் பெயரைச் சொன்னவர்கள் அதுவரை யாரும் இல்லை.

"ஆமா," என்றாள் கொக்கி. "எந்தப் பிரிவு நீ?"

"முள் பிரிவு. எனக்கு அப்ப பதினெட்டு வயசு. இவ்வளவு நேரமும் வாய் நிறைய உன்னை நீங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டு இருந்தேன் பாரு! என்னை ஞாபகம் இருக்கா?"

இருக்கு என்று சொல்லி மழுப்பலாம். கொக்கிக்கு அது வராது.

"இல்லை."

"இல்லையா?"

"தினம் அத்தனை பேர் போவாங்க. நான் முகத்தைப் பார்க்கறதில்லை."

பெரியம்மா பாய்ந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "இந்தக் கையிலயா என் தங்கச்சி பிள்ளை வளருது? இனிமே ஒரு நிமிஷம் விட மாட்டேன். நான் வந்ததே இவளை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகத்தான். தம்பிகிட்ட போன்ல கேட்டாச்சு. சரின்னுட்டாரு."

அந்தச் சரி எப்படிப்பட்ட சரி என்று கொக்கிக்குத் தெரியும். ஆனாலும் சரி சரிதான். குழந்தை போனால் அவளுக்கு இந்த வீட்டில் வேலை இல்லை. மறுபடி மாடியறை. மறுபடி தட்டு. மடியில் சும்மா கிடக்கும் இரண்டு கை.

எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அதற்கு முதுகு கொடுத்து நின்றாள்.

"என்கிட்ட தம்பி ஒண்ணும் சொல்லலை."

"உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

"நான் டூட்டியில இருக்கேன்."

"அப்பவும் வாசல்ல நின்னே. இப்பவும் வாசல்லதான் நிக்கறே."

"எனக்குத் தெரிஞ்ச இடம் அதுதான்."

"நான் இவளுக்குப் பெரியம்மாடீ!"

"பெரியம்மாவா இரு. இல்லைன்னு யார் சொன்னா? இவ அப்பா வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். கதவை நானே திறக்கறேன். உன் பையைத் தூக்கிட்டு வந்து பஸ் ஏத்தியும் விடறேன். அதுவரைக்கும் இந்தப் பிள்ளை வாசலைத் தாண்டாது."

பெரியம்மாவின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஒற்றைக் கையை உயரத் தூக்கினாள். "வா. வந்து தடவிப் பாரு. திருடிட்டுத்தானே போறேன்? வந்து சோதி!"

பெரியம்மா கையைத் தூக்கியதைப் பார்த்ததும் மேனேஜரும் இரண்டு கையைத் தூக்கிச் சிரித்தது. யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"இப்ப நான் அந்த வேலையில இல்லை," என்றாள் கொக்கி.

பெரியம்மா போனை எடுத்துக் கண்ணாடிக் கடைக்குப் பேசினாள். உடனே கிளம்பி வரச் சொன்னாள். எதிர்முனையில் என்ன பதில் வந்திருக்கும் என்று கொக்கி யோசிக்கத் தேவையிருக்கவில்லை. சரி என்றுதான் இருக்கும்.

அவன் வரும்வரை அசைவதில்லை என்று இருவரும் நின்றார்கள். ஆனால் மேனேஜருக்குப் பசி வந்துவிட்டது. வீறிட்டது. பெரியம்மா அதை உயர நாற்காலியில் உட்காரவைத்து வாழைப்பழத்தை உரித்தாள். ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து தடால் தடாலென்று மூடினாள்.

"ஸ்பூன் எங்க வச்சுத் தொலைச்சே?"

"கீழ் இழுப்பறை. பச்சைக் கைப்பிடி போட்டது. அதுலதான் சாப்பிடும்." கதவை விட்டு நகராமல் பதில் வந்தது.

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் கேட்கறே? நார் எடுத்துட்டியா?"

"ரெண்டு பிள்ளை பெத்தவகிட்ட பாடம் நடத்தாதே."

பெரியம்மா கிண்ணத்தை ஓங்கி வைத்தாள். கிண்ணம் சாய்ந்தது. மேனேஜர் இரண்டு கையாலும் பழத்தை அள்ளித் தலையில் பூசிக்கொண்டது.

கதவு தட்டப்பட்டது.

"யாரு?" என்றாள் கொக்கி.

"நான்தான்மா. என் வீடு இது."

உள்ளே விட்டுவிட்டு மறுபடி தாழ் போட்டுக்கொண்டு நின்றாள்.

பெரியம்மா மூச்சு விடாமல் சொல்லித் தீர்த்தாள். வாட்ச் கம்பெனி, கொக்கி, விரல், தன்னை அவமானப்படுத்திய கை, அதே கை இங்கே. "இவ இருந்தா இந்த வீட்டுப் படியை இனி மிதிக்க மாட்டேன் தம்பி. பிள்ளையை அனுப்பி வைங்க. நீங்கதான் சரின்னு சொன்னீங்களே."

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நெற்றியைத் தேய்த்தான். "நீங்க ரெண்டு பேரும் பேசி என்ன சொன்னாலும் எனக்குச் சரி."

கொக்கிக்கு அதுவரை பிடித்துவைத்திருந்த கோபம் அத்தனையும் அவன் பக்கம் திரும்பியது.

"அந்தச் சரியை முதல்ல தூக்கிக் குப்பையில போடுங்க தம்பி! இந்த அக்கா வந்து பிள்ளையைக் கேட்டாலும் சரி. பால்காரன் தண்ணியை ஊத்தினாலும் சரி. நாளைக்கு எவனாவது வந்து வீட்டுக் கதவைக் கழட்டிட்டுப் போறேன்னாலும் சரிதானா? நாள் பூரா ஊர் ஜனத்தை உட்கார வச்சு இது தெளிவா, அது தெளிவான்னு கேட்கறீங்க. உங்களை உட்கார வச்சுக் கேட்க ஒரு ஆள் இல்லை. நான் கேட்கறேன். பிள்ளை இங்க இருக்கணுமா, அங்க போகணுமா?"

மேனேஜர் பச்சை ஸ்பூனால் தட்டுப் பலகையை அடித்துக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். புருவத்தில் பழம் ஒட்டிய ஒரு முகம் அவனைத் திருப்பிப் பார்த்தது.

"இங்க," என்றான்.

"காதுல விழல."

"இங்க இருக்கணும். என்கூட." சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, போன்ல என்ன கேட்டீங்க, நான் என்ன சொன்னேன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. தப்பா எடுத்துக்காதீங்க. அவளும் போய், இவளும் போயிட்டா நான் இந்த வீட்டுக்கு எதுக்குத் திரும்பி வரணும்?"

தங்கை போன பிறகு அவன் இவ்வளவு பேசிப் பெரியம்மா கேட்டதில்லை. அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "சரி தம்பி. பிள்ளை உங்களுது. இங்கயே இருக்கட்டும். ஆனா இவ வேண்டாம். வேற நல்ல ஆளா நான் பார்த்துத் தரேன்."

இப்போது அவன் கொக்கியைப் பார்த்தான். கொக்கி கதவை விட்டு நகர்ந்து வந்து பெரியம்மாவுக்கு எதிரில் நின்றாள்.

"போறதா இல்லையான்னு அப்புறம் பேசலாம். அன்னைக்கு நடந்ததை முழுசாச் சொல்லு. எனக்கு ஞாபகம் இல்லைன்னு சொன்னேன். நிஜமாவே இல்லை. சொல்லு, கேட்கறேன்."

"இவர் எதிர்லயா?"

"அன்னைக்கு யார் எதிர்ல நடந்துச்சு?"

"வரிசையே நின்னுச்சு."

அவன் எழுந்து உள்ளே போகப் பார்த்தான். "இருங்க தம்பி," என்றாள் பெரியம்மா. "கேளுங்க. எனக்கென்ன வெட்கம்?"

சொன்னாள். அன்று அவளுக்கு மாத விலக்கு. வீட்டில் கிழித்த துணியை மடித்து வைத்திருந்தாள். கொக்கியின் விரல் அங்கே போய் நின்றது. என்ன இது என்று கேட்டாள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை. எடுத்து மேசையில் வை என்றாள் கொக்கி. பின்னால் அத்தனை பெண்கள். பக்கத்து வரிசையில் ஆண்கள். எடுத்து வைத்தாள். யாரோ சிரித்தார்கள்.

"நீ அதைப் பார்த்தே. சரி, போன்னே. அவ்வளவுதான். என் முகத்தைக்கூடப் பார்க்கல. அடுத்தவளைக் கூப்பிட்டு, கைன்னே. நான் அந்தத் துணியைக் கையில பிடிச்சுக்கிட்டு ரோட்ல நடந்து போனேன். மறுநாள் வேலைக்குப் போகல. வீட்ல என்னென்னவோ கேட்டாங்க. என் தங்கச்சிகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவ ராத்திரி முழுக்க என் கையைப் பிடிச்சுட்டே படுத்திருந்தா. இதைத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான். அவளும் போயிட்டா."

மேனேஜர் ஸ்பூனை வாயில் வைத்துச் சப்பியது.

கொக்கி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சொல்ல நிறைய இருந்தது. மேலே இருந்தவர்களின் கெடுபிடி. ஒரு பற்சக்கரம் குறைந்தாலும் இவள் தலை உருளும். இப்படித் துணிக்குள் வைத்துக் கடத்தியவர்களும் உண்டு. எல்லாம் உண்மைதான். அதில் ஒன்றும் இந்தப் பெண்ணுக்குப் பதில் இல்லை.

"தப்பு," என்றாள். "திரை போட்ட ரூம் ஒண்ணு இருந்துச்சு. அங்க கூட்டிட்டுப் போயிருக்கணும். வரிசை நீளமா இருந்திருக்கும். எனக்கு வீட்டுக்குப் போற அவசரமா இருந்திருக்கும். தப்புதான்."

பெரியம்மா காத்திருந்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கண்ணைக் கசக்கிட்டு உன் கால்ல விழுவேன்னு பார்த்தா அது என்கிட்ட இல்லை. இன்னொண்ணும் சொல்லிடறேன். இந்த வேலையை நான் விட மாட்டேன்."

"திமிரைப் பார்த்தீங்களா தம்பி?"

"திமிர்தான். அந்த வாசல்ல இப்ப மிஷின் நிக்குது. அது யாரையும் தொடாது, யார்கிட்டயும் திட்டு வாங்காது. என்கூட வந்தது இந்தக் கை மட்டும்தான். இதை வெட்டிப் போடவா முடியும்? வேற என்ன தெரியும் இதுக்கு? இந்த வீட்ல இது என்ன பண்ணுதுன்னு பக்கத்துல நின்னு பாரு. பார்த்துட்டு, போடின்னு சொல்லு. போறேன். பார்க்காம சொன்னா போக மாட்டேன். தம்பி சொன்னாலும் போக மாட்டேன்."

"நான் சொல்லலைம்மா," என்றான் அவன் தரையிலிருந்து.

பெரியம்மா தோளில் தொங்கிய பையைக் கழற்றி நாற்காலியில் எறிந்தாள்.

"பார்க்கத்தான் போறேன். இன்னைக்கு ஊருக்குப் போகல. நாளைக்கும் போகல. என் பிள்ளைங்களை அவங்க அப்பா பார்த்துக்கட்டும். உன் பின்னாடியே நிப்பேன். உன் விரல் எங்க போகுது, எங்க நிக்குதுன்னு கண்ணை எடுக்காம பார்ப்பேன்."

"பாரு. இத்தனை காலம் நான் பார்த்தேன். இப்ப உன் முறை."

"ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் உன்னைச் சும்மா விட மாட்டேன்."

"விடாதே."

"தம்பி, எனக்கு ஒரு தலையணை எடுத்து வைங்க."

அவன் பழக்கதோஷத்தில், "சரி," என்றான். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி முறைத்தார்கள். "இல்ல… எடுத்து வைக்கறேன்னு சொல்ல வந்தேன்," என்றான்.

மேனேஜரைப் பார்க்கச் சகிக்கவில்லை. வாழைப்பழம் தலையில், காதுக்குள், கழுத்து மடிப்பில் எல்லாம் காயத் தொடங்கியிருந்தது. குளிப்பாட்டாமல் முடியாது. கொக்கி வெந்நீர் வைத்தாள். குளியலறையில் தொட்டியை வைத்து ஊற்றினாள். பெரியம்மா சொன்ன சொல் தவறாமல் பின்னாலேயே வந்து தோளை இடித்துக்கொண்டு குனிந்தாள். அந்தக் குளியலறையில் ஒரு ஆள் நின்றாலே நெரிசல்.

கொக்கி முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். பெரியம்மா கையை விட்டுப் பார்த்தாள்.

"சூடா இருக்கு."

"இல்லை."

"ரெண்டு பிள்ளை பெத்து வளர்த்திருக்கேன். சூடுன்னா சூடு."

"ஒண்ணுகூடப் பெறல. இது சூடு இல்லை."

"தோல் உரிஞ்சு போகும்!"

"அழுக்குதான் உரியும்."

குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அவன் குளியலறை வாசலில் நின்றான். சட்டை முழுக்கப் பழம். இருவரும் அவனை நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் குழந்தையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, இருவருக்கும் நடுவில் குனிந்து, மறு கையைத் தண்ணீரில் வைத்தான். அவசரப்படவில்லை. கையைப் புரட்டிப் பார்த்தான்.

"கொஞ்சம் சூடுதான்மா," என்றான்.

கொக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். குவளையை எடுத்து அரைக் குவளை பச்சைத் தண்ணீர் ஊற்றினாள். இதற்கு மேல் ஒரு சொட்டு ஊற்ற மாட்டேன் என்றாள்.